எதிர்வீட்டு அம்மாவின் பாதங்கள்

"ஐப்பசி, இரண்டாம் புதன். காலையில் தூறல், பத்து மணிவாக்கில் விட்டது. கீழத்தெரு துக்க வீட்டுக்குப் போய் வந்தேன். எதிர்வீட்டு அம்மா ஆண்கள் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்."

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டின் என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. மாதம், கிழமை, மழை இவற்றை விடாமல் எழுதுவது என் பழக்கம். அரசு அலுவலக வேலையில் இருந்தபோதே பாபநாசம் சுற்றுவட்டாரத்து மதகுகள், குளங்கள், எல்லைக் கற்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வந்தேன். ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. மேட்டூர் திறந்த நாள், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிய நாள், எந்தக் குளத்தில் எந்த ஆண்டு படித்துறை சரிந்தது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் என் வலது கால் பெருவிரல் மூட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அது வலிக்க ஆரம்பித்து அப்போதே மூன்று நான்கு வருடம் இருக்கும். என் மனைவிக்கே நான் சொல்லியிருக்கவில்லை. வரப்பில் நடக்க முடியாமல் போனதால் அந்த வருடம் வெளியே கிளம்புவதையே குறைத்துக்கொண்டு, "போதும், இருக்கிற குறிப்பை ஒழுங்குபடுத்தலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் வழக்கம்போலப் பந்தலில் ஆண்களுக்கு நாற்காலி, கூடத்தில் பெண்களுக்குத் தரை. எதிர்வீட்டு அம்மா உள்ளே போய், கணவரை இழந்தவரின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கீழே உட்கார்ந்தால் தன்னால் எழுந்திருக்க முடியாது, எழும்போது விரல் மடங்க வேண்டும், தன் விரல் மடங்காது என்று விளக்கி ஒரு நாற்காலி கேட்டார். உள்ளே நாற்காலி இல்லை. நேராகப் பந்தலுக்கு வந்து ஆண்கள் வரிசையில் காலியாயிருந்த ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"பொம்பளைங்கல்லாம் உள்ள இருக்காங்க, ஆத்தா."

"தெரியும் மாமா. இந்த நாற்காலிய உள்ள அனுப்புங்க, நானும் பின்னாடியே போயிடறேன்."

பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"சார், நீங்களும் உட்காருங்க. வலது கால ஊனாமயே நிக்கிறீங்க."

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாத கால யாரும் இப்படிக் கொக்கு மாதிரி வெச்சுக்க மாட்டாங்க சார்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்தினார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது பாதத்திலிருந்து முழங்கால் வரை ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை, "உங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதட்டுமா" என்று கேட்டதற்கு, "என் கால பத்தி எழுதுங்க, யாருக்காவது ஒதவும். பேரு எதுக்கு" என்றார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போதும் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன். குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டி அவருக்கு மூன்று வயல்கள் இருந்தன. கணவர் போன பிறகு குறுவை, சம்பா இரண்டையும் அவரேதான் பார்த்துக்கொண்டார். ஒரே மகன் சிங்கப்பூரில்.

அந்த மகன் அனுப்பிய பணத்தில் வீடு முழுக்க வழவழவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். அந்த டைல்ஸ்தான் அம்மாவுக்கு எதிரி. சேற்றில் இறங்கி நின்றால் வலிப்பதில்லை, தன் வீட்டு அடுப்படியில் கால் மணி நேரம் நின்றால் உயிர் போகிறது என்பார். அதனால் வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறவனை ஒரு மாதிரிதான் பார்ப்போம். வீட்டுக்கார அம்மாளே செருப்போடு காப்பி கொண்டுவந்து வைத்தால் வந்தவர்கள் டம்ளரைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா? அவருடைய நாத்தனார் ஒருவர் கேட்டே விட்டாராம், லட்சுமி இருக்கிற வீட்டில் இது என்ன வழக்கம் என்று. "இந்தச் செருப்பு தெருவையே பாத்ததில்ல அண்ணி. ஒங்க கால்தான் இப்ப பஸ் ஸ்டாண்டுலேந்து வருது" என்று சொன்னதாக என் மனைவி வந்து சொல்லிச் சிரித்தாள். பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றிவிடுவார். உள்ளே நிற்குமிடத்தில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தார்.

அவர் புலம்புகிறவர் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். புலம்புகிறவர்களுக்குக் கேட்க ஆள் வேண்டும், இவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலியோ, கொஞ்சம் நேரமோதான். ரேஷன் கடை வரிசையில், "கால் வலிக்குது, என் பையை இங்க வெச்சிட்டு அங்க உட்கார்ந்துக்கறேன்" என்பார். வெயில், மழையைப் பற்றிச் சொல்கிற குரலில் சொல்வார். சொன்ன பிறகு அதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

துக்க வீட்டுக்குப் போய்வந்த மறுவாரம் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அவர் பார்க்கிற எலும்பு மருத்துவரிடம் காட்ட ஒரே கார் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவியிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு முன்னால் அவருடைய முறை. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரல் அடி மூட்டிலும் நடுப்பாதத்திலும் குருத்தெலும்பு போன முறையைவிட இன்னும் தேய்ந்திருக்கிறது, இது வயதோடு வருவது, தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். நானாக இருந்தால் தலையாட்டிவிட்டு எழுந்திருப்பேன்.

"தேய்ஞ்சத கொண்டாற முடியாதுன்னு சொல்லிட்டீங்க, சரி. நான் கேக்கறது வேற டாக்டர். நடவு வருது. நாள் பூரா நிக்கணும், நடக்கணும். அதுக்கு என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, அதன் பிறகுதான் விவரமாகப் பேசினார். அடி வளையாத செருப்பு, விரல் பக்கம் அகலமாக, முன்முனை சற்றே மேல்நோக்கி வளைந்ததாக இருந்தால் விரல் மூட்டு மடங்காமலே அடி எடுத்து வைக்கலாம் என்றார். வெறுங்காலோடு கெட்டித் தரையில் நிற்க வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியைச் செய்து காட்டினார். வலி மிகுந்தால் தடவிக்கொள்ள ஒரு களிம்பு எழுதினார். மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நடையை நிறுத்திவிட்டால் மூட்டு இன்னும் இறுகும், தசை இளைக்கும் என்றபோது அம்மா என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா சார்" என்றார்.

செருப்பு வாங்கியாயிற்று, பயிற்சியும் ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் வலி நன்றாகவே குறைந்தது. அப்போது நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன்தான் செய்வான். வலி இல்லாத ஒரு காலையில், வருடக்கணக்காகப் பாக்கியிருந்த இரண்டு வாய்க்கால்களையும் தலைமதகிலிருந்து கடைமடை வரை ஒரே மூச்சில் நடந்து பார்த்து, வழியில் ஒரு கோயில் கல் பிராகாரத்தையும் வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தேன். மறுநாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. செய்தி கேட்டு எதிர்வீட்டிலிருந்து வந்தவர், எங்கள் வீட்டு வாசலிலும் தன் உள்செருப்பைக் கையோடு கொண்டுவந்து மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாய்க்கால் வாய்க்காலா எழுதறீங்களே சார், மொறைப் பாசனம்னா என்னன்னு தெரியாதா? ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னு எல்லாத்தையும் ஒரே நாள்லயா தொறந்து விடுவாங்க?"

முறைப் பாசனம் என்பது தண்ணீர் குறைந்த காலத்தில் ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் மாற்றி மாற்றி முறை வைத்துத் திறந்துவிடுவது. அதன் அட்டவணைகளை நான் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். என் காலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றியதில்லை. அவர் அப்படித்தான் வைத்திருந்தார். நடவு நாளுக்கு மறுநாள் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும். சந்தைக்குப் போனால் அன்று வயலுக்குப் போவதில்லை. வலிக்கிற நாளில் கொஞ்சமாவது நடப்பார், வலிக்காத நாளிலும் அளவோடுதான் நடப்பார். இரண்டாவதுதான் கஷ்டம் என்பார். அன்றிலிருந்து இன்றுவரை நான் அந்த முறையை வைத்துத்தான் ஊர் ஊராகப் போய்வருகிறேன். திருத்துறைப்பூண்டி வரைக்கும் வடிகால்களைப் பார்த்து முடித்தது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு வெளிப்படையாக இருந்ததற்கு அவர் விலை கொடுக்க வேண்டி வந்தது.

பெருந்தொற்று ஓய்ந்து, விமானங்கள் பழையபடி ஓட ஆரம்பித்த பின் ஒரு புரட்டாசியில் மகன் வந்தார். பல வருடம் கழித்து வருகிறார். வந்த இரண்டாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். மூன்று வயல்களையும் வரும் சித்திரையிலிருந்து குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மகன் முடிவு செய்திருந்தார். சிட்டா, அடங்கல், புல எண்கள் எல்லாம் சரிபார்த்துத் தர நான் வேண்டும். அம்மா ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாருக்குக் குத்தகை என்று அவரிடம் கேட்டேன். எனக்கே இப்பதான் தெரியும் என்றார்.

"எதுக்கும்மா கோவம்? நீதானே தெருவுல எல்லார்ட்டயும் கால் வலிக்குது கால் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருக்க. ஏர்போர்ட்லேந்து வர்ற வண்டிக்காரன்கூட 'அம்மாவுக்கு கால் எப்படிண்ணே'ங்கிறான். அம்மாவ இப்படி வயக்காட்டுல விட்டுட்டு சிங்கப்பூர்ல இருக்கான்னு எனக்குத்தான் பேரு."

"வலிக்குதுன்னு சொன்னேன்டா. முடியலன்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல."

எனக்கு அம்மாவைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மற்றவர்களைப் போல வலியை மூடி வைத்திருந்தால் மகன் கையில் இந்த ஆயுதம் கிடைத்திருக்காது. நிலம் போனால் அவருக்கு அந்த டைல்ஸ் தரைதான் மிச்சம். காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்காது. அது அவருக்கும் தெரிந்திருந்தது, மகனுக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் அம்மாவே சொன்னார், காலையில் மூன்று பேரும் வயலுக்குப் போகலாம், கடைசி வயல் வரைக்கும் போய் நிலத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று. மகன் ஒத்துக்கொண்டார். அவர் மனத்தில் அது ஒரு பரீட்சை என்பது முகத்திலேயே தெரிந்தது.

காலையில் ஆற்றங்கரை வரை காரில் போய், அங்கிருந்து வரப்பில் இறங்கினோம். சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் அம்மா, கையில் ஊன்றிக்கொள்ள ஒரு நீளக் குடை. பிறகு மகன். கடைசியில் நான். மோட்டார் கொட்டகையை ஒட்டிய முதல் வயலைத் தாண்டினோம். அம்மா அங்கங்கே நின்று எந்த மடையில் நண்டு வளை இருக்கிறது, எந்தப் பக்கம் பயிர் மஞ்சளாகிறது என்று சொல்லிக்கொண்டு போனார். நடு வயலின் பாதியில், வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்கும் சின்ன மதகுக் கட்டையருகே நின்றார்.

"தம்பி, வலிக்குது. இதுக்கு மேல இன்னைக்கு வேணாம்."

சொல்லிவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தார். கடைசி வயலுக்கு இன்னும் அரை வயல் தூரம் இருந்தது. மகன் பெருமூச்சு விட்டார்.

"பாத்தியாம்மா? இதத்தான் சொல்றேன்."

"பாத்தேன். நீ உட்காரு."

"நான் நிக்கிறேன்."

"உட்காருடா."

மகன் உட்கார்ந்தார். இடது காலை அப்படியே முன்னால் நீட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, பலகையை இறக்குவதுபோல மெல்ல இறங்கினார். கணுக்கால் மடங்கவே இல்லை. அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேந்து?"

மகன் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தள்ளிப் போகத் திரும்பினேன். "இருங்க சார்" என்று அவரே சொன்னார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பெருந்தொற்றுக் காலத்தில், வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். கணுக்காலில் எலும்பு முறிந்து தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்த மூட்டு இப்போதே தேய ஆரம்பித்துவிட்டதாக அங்கே மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு ஷிப்டும் நிற்கிறார். போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"நீ இங்க தனியா இருந்த. சொல்லியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

மகன் நிமிராமலே சொன்னார், "நீ படுத்துட்டன்னா எல்லாரும் என்னத்தான் வந்து பயிர் வைக்கச் சொல்வாங்க. இந்த வரப்புல என்னால நடக்க முடியாதும்மா. அதான் அதுக்கு முன்னாடியே குத்தகைக்கு விட்டுடலாம்னு."

"நடக்க முடியாதா, வலிக்குமா?"

அவர் யோசித்துப் பதில் சொன்னார். "வலிக்கும்."

"அப்ப அதச் சொல்லு."

அந்த வாரமே இருவரும் தஞ்சாவூருக்குப் போய்வந்தார்கள். மகனுக்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உயர்ந்த ஷூவும், தசைக்குப் பயிற்சிகளும் சொன்னார்கள். திரும்பிப் போனதும் மேலாளரிடம் காலைப் பற்றிச் சொல்லி, உட்கார்ந்து பார்க்கும் கிடங்கு வேலைக்கு மாற்றிக்கொண்டார். கடைசி வயலை மட்டும் அம்மாவே பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டார். அந்த எல்லையை அளந்து குறித்துக் கொடுத்தது நான்தான். மற்ற இரண்டையும் கடைசிவரை தானே பார்த்தார். அவர் போன பிறகு மகன் வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது அந்த இரண்டையும் பயிர் செய்கிறார். வரப்பில் நடு நடுவே நின்று, உடன் வருகிறவர்களிடம், "கொஞ்சம் இருங்க, கால் வலிக்குது" என்கிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் அவரோடு நிற்கிறேன்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. அன்று வயலிலிருந்து திரும்பியபோதும் நான்தான் கடைசியில் வந்தேன். அம்மா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மகனுக்கு வழி சொல்லியபடி நடந்தார். எங்கும் நிற்கவில்லை. வலி உள்ள நாளில் அவருடைய அடி எப்படி விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் விழும். அன்று அப்படி விழவில்லை. போனில் மகன் பேசிய விதத்திலிருந்தோ, வந்த அன்று காரிலிருந்து இறங்கியதைப் பார்த்தோ, அம்மா முன்பே தெரிந்துகொண்டு, மகனை உட்கார வைப்பதற்காகவே அந்தக் கட்டையில் உட்கார்ந்தாரா என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் நான் அறிந்தவரையில், வலிக்காதபோது அவர் வலிக்கிறது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பின்பு ஒருநாள் நேராகவே கேட்டேன். "நெல்லு காயுது சார், மழை வர்ற மாதிரி இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். மகனிடம் கேட்டதற்கு, அம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்கிறார். நாட்குறிப்பில் அந்தத் தேதியில், "நடு வயல் மதகில் எதிர்வீட்டு அம்மாவுக்குக் கால் வலி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். உறுதி செய்யப்படவில்லை.